மடிக்கணினிக்குப் புதிய விண்டோஸ்: முன்னதாகச் செய்ய வேண்டியவை

நம் இல்லங்களில் மடிக்கணினி இப்பொழுது ஒரு பெட்டகத்தின் வேலையைச் செய்து வருகிறது. முற்காலத்தில் டிரங்குப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த பத்திரங்கள், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஊர் நிலத்தின் பட்டா, கல்யாணப் புகைப்படங்கள் ஆகிய யாவற்றின் பிரதிகளும் இன்று அதனுள்ளே குடியேறியிருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குச் சென்று வரும் நம்மைப் போன்றோருக்கு இப்பெட்டகம் மற்றவர்களைக் காட்டிலும் அவசியமானது. ஒன்று தொலைந்தால் தாலுகா அலுவலகத்துக்கு நடந்துபோய் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் சொல்வதற்கில்லை. அதற்கு நெடிய ரயில் பயணமும் ஒரு வார விடுப்பும் வேண்டியிருக்கும்.

அப்பெட்டகத்தின் பூட்டை மாற்ற வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்திருக்கிறது. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு, அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இனி விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். மாறுதல் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளுக்கு ஒரு வாரமேனும் தேவை. இயந்திரம் பழுதானால் வேறு வாங்கலாம்; உள்ளே இருப்பது அழிந்தால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதனை மனத்திற் கொண்டு, முன்னேற்பாடுகளை வரிசையாக ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

ஏன் மாற வேண்டும்?

ஆதரவு முடிந்தது என்பதனால் கணினி நின்றுவிடும் என்று பொருளன்று. நேற்றுப் போலவே இன்றும் அது இயங்கும். அதனாலேயே பலர் வாளாவிருந்து விடுகின்றனர். இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் ஒட்டுகளை நிறுவனம் மாதந்தோறும் அனுப்பி வந்தது. அவ்வழக்கமான விநியோகமே நின்றது.

ஒட்டுப் போடாமையின் விளைவை 2017-இல் உலகமே கண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே ஓர் ஓட்டைக்கு ஒட்டு வெளியிடப்பட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளை மே மாதம் 12ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் பற்றிக்கொண்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பது அதன் தொழில். இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைப்பட்டன. ஜெர்மனியில் ரயில் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளிலேயே பணம் கேட்கும் செய்தி தோன்றியது. வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்போர் இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

உடனே மாற இயலாதோர்க்கென அந்நிறுவனம் ஓர் இடைக்கால ஏற்பாட்டையும் அறிவித்தது. அதில் பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் உண்டு என்பது அவ்வறிவிப்பு. அது அவகாசம் தருமேயன்றி முடிவான பரிகாரமாகாது.

நம் மடிக்கணினிக்குத் தகுதி உண்டா?

எல்லா மடிக்கணினிகளும் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் குறைந்த அளவுகள். இவை பெரும்பாலான வீடுகளில் இருக்கும். சிக்கல் எழுவது வேறிரண்டில். முதலாவது செயலி, இரண்டாவது ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு. மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்னும் நிரலை இயக்கினால், தகுதி உண்டா இல்லையா என்பதையும், இல்லையெனில் எக்குறையால் என்பதையும் அது கூறிவிடும்.

இன்டெல் கோர் செயலியாயின் நாமே ஓரளவு கண்டறியலாம். ‘ஐ3’, ‘ஐ5’ என்பதை அடுத்து வரும் எண்ணைப் பார்க்க. 7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. எண் ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைக் கொள்ள வேண்டும். 10210 என்பது பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் ஏற்புடையவை. ஏழும் அதற்குக் கீழும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, ஏலாதவை. ஏ.எம்.டி. செயலிகளை இவ்வாறு எண்ணால் பிரித்துக் கூறுவது எளிதன்று. அவற்றுக்கு மேற்சொன்ன நிரலின் தீர்ப்பே தக்கது.

‘டி.பி.எம். இல்லை’ என்று விடை வந்தால் உடனே மனம் தளர வேண்டுவதில்லை. பல மடிக்கணினிகளில் அது உள்ளே இருந்தும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பகுதியில், இன்டெல் கணினிகளில் ‘பி.டி.டி.’ என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் ‘எப்.டி.பி.எம்.’ என்றும் அது குறிக்கப்பட்டிருக்கும். அதனை இயங்கச் செய்தால் போதும். ஆயினும் பின்னர்க் கூறப்போகும் சாவியைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் அப்பகுதியில் கை வைத்தல் ஆகாது.

தகுதியற்ற கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சில கடைக்காரர்கள் கூறுவர். ஏற்றவும் முடியும். ஆனால் அத்தகைய கணினிக்கு ஒட்டுகள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று நிறுவனமே தெரிவித்திருக்கிறது. ரயில்வேக் குடும்பத்தினர்க்கு இதை எளிதில் விளக்கலாம். மீட்டர் கேஜ் தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையின் இடைவெளி 1676. பழைய பெட்டிக்குப் புது வர்ணம் பூசுவதனால் அது அகலப் பாதையில் ஓடிவிடாது.

உள்ளே இருப்பது என்ன?

தகுதி உண்டென்று தெரிந்தபின் முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டில் யார் யார் அக்கணினியைப் பயன்படுத்துகின்றனரோ அவர்கள் அனைவரும் உடன் உட்கார வேண்டும். தந்தைக்கு வருமான வரிப் படிவங்கள் எங்கே என்று தெரியும். மகளுக்குத் தன் கல்லூரிக் குறிப்புகள் எங்கே என்று தெரியும். தாயார் ஊரிலிருந்து வந்த ஒலிப்பதிவுகளை எங்கோ சேர்த்து வைத்திருப்பார். ஒருவர் மட்டும் முடிவு செய்தால் மற்றவருடையது விடுபடும்.

‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஆகிய இடங்களை எல்லோரும் நினைப்பர். முகப்புத் திரையையும் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் இடத்தையும் மறந்துவிடுவர். வங்கி அறிக்கையும் தேர்வு அனுமதிச் சீட்டும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், குறித்து வைத்த முகவரிகள், கணினியிலேயே இறக்கி வைத்த பழைய மின்னஞ்சல்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இரண்டு பிரதிகள்

அடுத்தது பிரதியெடுத்தல். ஒரு பிரதி போதாது. மடிக்கணினியில் இருப்பது நீங்கலாக இரண்டு பிரதிகள் இருப்பதும், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருப்பதும் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. ஒன்றை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கலாம். முக்கியமான பத்திரங்களை மட்டும் இணைய சேமிப்பில் இரண்டாவதாக வைக்கலாம். கூகுள் கணக்கில் 15 ஜி.பி., மைக்ரோசாப்ட் கணக்கில் 5 ஜி.பி. என இலவச இடம் உண்டு. சான்றிதழ்களுக்கு இது தாராளமாகப் போதும். புகைப்படங்கள் மிகுந்திருந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்றில் எடுத்து, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அங்கே ஒரு பீரோவில் வைத்துவிட்டு வரலாம்.

இங்கே இரு எச்சரிக்கைகள். கணினியோடு தானே ஒத்திசையும் இணைய சேமிப்பு முழுக் காவலாகாது. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது அழிந்துவிடும். இரண்டாவதாக, பிரதி எடுத்தோம் என்று திருப்தியடைந்து விடுதல் கூடாது. அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்காத பிரதி பிரதியன்று. சரிபார்த்தபின் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுக.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

மற்றவர்க்கில்லாத ஒரு சிக்கல் தமிழ்க் குடும்பங்களுக்கு உண்டு. இதைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது.

இன்று நாம் செல்பேசியில் தட்டும் தமிழ் யூனிகோடு முறையில் அமைந்தது. எந்த இயந்திரத்திலும் அது தமிழாகவே தெரியும். ஆனால் 1990-களிலும் அதன்பின் பல ஆண்டுகளும் நிலைமை வேறாக இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவும் ஒரு குறியீட்டு முறையும் வைத்திருந்தது. பாமினி, வானவில், தாம், தாப், திஸ்கி எனப் பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு தமிழ் 99 என்னும் விசைப்பலகையை வகுத்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்த முயன்றது. விண்டோஸ் 2000-இல் யூனிகோடு தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் பழக்கம் எளிதில் மாறவில்லை.

பழைய முறைகளுட் பலவற்றில் கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே கண்ணில் படும். கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க இயலாது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்தது. அவ்வீட்டுப் பெரியவர் தம் குலதெய்வக் கோயிலின் வரலாற்றையும் ஏழு தலைமுறை வம்சாவளியையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் காலமான பின்னர் மகன் கடையொன்றில் கணினியைப் புதுப்பிக்கக் கொடுத்தார். கடைக்காரர் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பார்மட் செய்தார். கோப்புகள் திரும்பி வந்தன, எழுத்துரு வரவில்லை. கோப்புகள் கெட்டுவிட்டன என்றே வீட்டார் எண்ணினர். அவற்றை அழித்துவிடவும் இருந்தனர். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பார்த்து, எழுத்துருவின் பெயரைச் சொன்ன பிறகே அவ்வம்சாவளி மீண்டது. அவர் வராதிருந்தால் ஏழு தலைமுறைப் பெயர்களும் போயிருக்கும். ஏனெனில் அவற்றை வாய்மொழியாகச் சொல்லக்கூடியவர் அவ்வீட்டில் வேறெவரும் இல்லை.

ஆகவே பழைய தமிழ்க் கோப்புகள் உள்ளோர் மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும். முதலாவது, விண்டோஸின் ‘பான்ட்ஸ்’ என்னும் பகுதியிலுள்ள தமிழ் எழுத்துருக்களைக் கோப்புகளோடு சேர்த்தே பிரதியெடுத்தல். இரண்டாவது, கோப்பு இன்னும் சரியாகத் தெரியும் அக்கணினியிலேயே அதனைப் பி.டி.எப். ஆக மாற்றி வைத்தல். பி.டி.எப். கோப்பினுள் எழுத்துரு பதிந்துவிடுவதால் எங்கும் படிக்கலாம். மூன்றாவது, இதற்கென உள்ள எழுத்து மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுதல். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை படித்துத் திருத்துதல் நலம்.

புதிய விண்டோஸை மேலேற்றும்போது எழுத்துருக்கள் வழக்கமாக அழிவதில்லை என்பது உண்மையே. ஆனால் இடையில் தவறு நேர்ந்து பார்மட் செய்ய வேண்டி வந்தாலும், கணினியையே மாற்றினாலும் அவை போய்விடும். நம்மைப் போன்ற சங்கங்களின் பழைய பொங்கல் மலர்கள் பலவும் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் இவ்வெழுத்துருக்களால் அமைந்தவை. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்ததோடு நின்றுவிட்டது. மலர்க் கோப்புகளை வைத்திருக்கும் அன்பர்கள், பழைய கணினி உயிரோடிருக்கும்போதே அவற்றைப் பி.டி.எப். ஆக்கிவிடுதல் சங்கத்துக்குச் செய்யும் தொண்டாகும்.

சாவிகள்

பல மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ‘பிட்லாக்கர்’ என்னும் முறையால் பூட்டப்பட்டிருக்கும். உரியவர்க்கே இது தெரியாமல் இருப்பதுண்டு. அமைப்புப் பகுதியில் ஏதேனும் மாற்றம் செய்தாலோ, மேம்பாட்டின் நடுவிலோ, திடீரென்று 48 இலக்கச் சாவியைத் தருமாறு திரையில் கேட்கும். சாவி இல்லையேல் உள்ளிருப்பதை மீட்க வழியில்லை. பொதுவாக இது மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே அதைத் திறந்து, தாளில் எழுதி, பீரோவில் வைத்துக்கொள்க. கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தல் வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிலிருக்கிறதா என்றும் சோதித்தல் வேண்டும். நாள்தோறும் நான்கு இலக்க எண்ணைத் தட்டியே பழகியவர்கள் கடவுச்சொல்லை அடியோடு மறந்திருப்பர். மறந்தால் செல்பேசிக்கு ஒரு குறியெண் வரும். எந்தச் செல்பேசிக்கு? இடமாற்றம் ஆகி வந்த நம்மவர் பலர் எண்ணையும் மாற்றியிருப்பர். ஊரிலிருந்தபோது கொடுத்த பழைய எண் இன்று வேறு யாரிடமோ இருக்கும். ஆதலால் கணக்கிலுள்ள எண் இப்பொழுது கையிலுள்ள எண்தானா என்று பார்த்துத் திருத்திக்கொள்வது இன்றியமையாதது.

நாளும் வேளையும்

தேர்வுக்கு முந்தின இரவும், கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நடக்கும் வாரமும் இவ்வேலைக்கு உகந்தவையல்ல. விடுமுறை நாளின் காலை வேளையே நலம். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடமாயின், மின்கலம் முழுதும் ஏறியிருக்க, மின்னிணைப்பும் இருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் 25 ஜி.பி. அளவேனும் காலியாக இருத்தல் நலம். பதிவிறக்கமும் பல ஜி.பி. அளவுடையது. செல்பேசி வழியே நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும் திட்டத்தை வைத்திருப்போர், அகல அலைவரிசை இணைப்புள்ள நண்பர் வீட்டில் இதைச் செய்வதே சிறந்தது. விண்டோஸ் 10-இல் நிலுவையிலுள்ள ஒட்டுகளை முதலில் போட்டு முடிக்க. கணினி ஆக்கிய நிறுவனத்தின் தளத்தில் அம்மாதிரிக்குரிய புதிய இயக்கிகள் இருந்தால் அவற்றையும் பெறுக. தனியே வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்குக. பிரிண்டர், பென் டிரைவ் ஆகியவற்றைக் கழற்றிவிடுக.

முறையான விண்டோஸ் 10 உள்ளவர்கள் விண்டோஸ் 11-க்குப் பணம் தர வேண்டுவதில்லை. அமைப்புகளில் உள்ள ‘விண்டோஸ் அப்டேட்’ வழியாகவே அது கிடைக்கும். வேறு வழியில் ஏற்றும்போது எவற்றை வைத்துக்கொள்ள விருப்பம் என்று ஒரு கேள்வி வரும். கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்க என்பதையே தேர்ந்தெடுக்க. ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதைத் தொடாதீர்கள். கடையில் கொடுப்பதாயின், ‘பார்மட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குதல் நன்று.

மாறிய பின் பத்து நாட்கள்

புதிய விண்டோஸ் ஏறியபின் பழையது ஒரு தனி இடத்தில் பத்து நாட்கள் காத்திருக்கும். பிடிக்கவில்லையானால் அதற்குள் திரும்பிவிடலாம். அதற்குப் பின் வழி அடைபட்டுவிடும். ஆதலால் அப்பத்து நாட்களில் யாவற்றையும் சோதித்துவிடுக. பிரிண்டர் அச்சிடுகிறதா, காமிரா பேசுகிறதா, தமிழ் விசைப்பலகை வழக்கம்போல் இயங்குகிறதா, பிள்ளைகளின் வகுப்பு மென்பொருள் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க. இடம் போதவில்லையென்று பழைய விண்டோஸை அவசரப்பட்டு நீக்கிவிட வேண்டாம்.

தகுதியில்லாத கணினி

தகுதியில்லை என்று தீர்ப்பானால் அக்கணினியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டுவதில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் பெற்ற கணினிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஊரிலிருந்து வந்த மருமகளோடும் தங்கையோடும் அவை நம் வீடுகளுக்கும் வந்திருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை இலவசமாக ஏற்றலாம். உபுண்டு, மின்ட் ஆகியன உண்டு. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய ‘பாஸ்’ என்பதும் உண்டு. இணையம் பார்க்கவும், கடிதம் எழுதவும், பிள்ளைகள் படிக்கவும் அது போதும். தமிழும் தடையின்றி வரும். ஆயின் விண்டோஸுக்கென்றே ஆன மென்பொருள்களும் சில பிரிண்டர்களும் அதில் இயங்கா. விற்பதாயினும் தானம் செய்வதாயினும், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவற்றை முற்றிலும் துடைத்தபின்னரே கொடுத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இத்தகைய மாற்றக் காலங்களில் வஞ்சகர்கள் மிகுவர். மைக்ரோசாப்டிலிருந்து பேசுவதாகக் கூறி, உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் சொல்லும் செயலியை ஏற்றுங்கள் என்று தொலைபேசியில் அழைப்பர். அந்நிறுவனம் யாரையும் தானாக அழைப்பதில்லை. திரையில் எச்சரிக்கையோடு தொலைபேசி எண் தோன்றினாலும் அது பொய்யே. பேச்சை நிறுத்திவிட்டு வைத்துவிடுக. பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க.

நம் சங்கத்து இளைஞர்கள் இவ்வேலைகளை எளிதில் செய்வர். தனித்து வாழும் முதியோர்க்கு இவை மலைப்பாகத் தோன்றும். அக்கம்பக்கத்து முதியோர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, பிரதியெடுத்துக் கொடுத்து, 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதித் தந்துவிட்டு வருவது பெரிய உதவியாகும். அவர்களுடைய கணினியில் பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ்க் கோப்பு ஏதேனும் உண்டா என்பதையும் மறவாமல் கேளுங்கள். இருந்தால், அது என்ன என்று சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அதை மாற்றி வைப்போமாக.